ஆத்தூர் வட்டாரத்தின் பழைய பிக்கப் வண்டிகள்: அருமையும் அசலும்

முன்னால் இரண்டு மூன்று பேர் உட்காரும் அறை, பின்னால் ஒரு டன், ஒன்றரை டன் ஏற்றும் திறந்த தொட்டி. பிக்கப் வண்டி என்பது இவ்வளவுதான். சேலம், நாமக்கல் சமவெளியில் லாரிக்குக் கிடைத்த பேர் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் காட்டிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து ஆலைக்கும் சந்தைக்கும் சரக்கைக் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு இந்தச் சிறு வண்டிகளுடையது.

ஆத்தூரின் இருப்பிடம் அப்படி. சேலத்துக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில், உளுந்தூர்பேட்டைக்குப் போகும் சாலையில், வசிஷ்ட நதிக்கரையில் இருக்கிறது ஊர். வடக்கே கல்வராயன் மலை, தெற்கே பச்சைமலை, தென்மேற்கே கொல்லிமலை. நடுவில் கிடக்கும் சமவெளியில் நெல்லும் கரும்பும் மஞ்சளும் விளைந்தாலும், வண்டித் தேவையைக் கூட்டியது குச்சிக்கிழங்கு. 1943ல் சேலத்தில் அந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் தொடங்கி, பிறகு ஆத்தூர், ராசிபுரம் பக்கமெல்லாம் சேகோ ஆலைகள் எழும்பின. மண்ணிலிருந்து பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கிவிடும். அதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். லாரி நுழைய முடியாத வண்டிப்பாதையில் போய் ஏற்றிவர மாட்டுவண்டிக்கு அடுத்தபடியாக வந்தது சிறு மோட்டார் வண்டி. தலைவாசல் காய்கறிச் சந்தைக்கும் அதே தேவை இருந்தது.

இப்படி உழைத்த வண்டிகளில் இன்று எஞ்சியிருப்பவை மிகக் கொஞ்சம். ஒன்று கண்ணில் பட்டால் இரண்டு கேள்விகள் எழும். எவ்வளவு அரியது? எவ்வளவு அசல்? வெளிநாட்டுப் புத்தகங்களில் உள்ள அளவுகோலை அப்படியே இங்கே பொருத்தினால் இரண்டுக்கும் தப்பான விடைதான் கிடைக்கும்.

சுதந்திரத்துக்கு முன் ஓடிய சிறு சரக்கு வண்டிகள் பெரும்பாலும் அமெரிக்கத் தயாரிப்புகள். ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் பூட்டும் ஆலை தொடங்கியது. ஃபோர்டும் ஏறக்குறைய அதே காலத்தில் வந்தது. தெற்கே ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது மதுரை டி.வி.எஸ். நிறுவனம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனுக்கு வந்தபோது, கரியை எரித்து வரும் வாயுவில் எஞ்சின் ஓட வழிசெய்யும் கலத்தை அதே டி.வி.எஸ். செய்து விற்றது. அந்தக் காலத்து வண்டி ஒன்றில் இன்றைக்கு அர்த்தம் புரியாத துளைகளும் தாங்கிக் கம்பிகளும் தெரிந்தால், கரிவாயுக் கலம் பூட்டிய இடமாக இருக்குமா என்று பார்ப்பது நல்லது. அவற்றை அடைத்துப் பெயின்ட் பூசிவிட்டால் போர்க்கால வரலாறு போய்விடும்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளை வாங்கி, பின்பக்கத்தை அறுத்துத் தொட்டி பூட்டியவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். அப்படிப்பட்ட வண்டியைக் கண்டுகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். பின்னால் ‘லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்’ என்று எழுதியிருப்பார்கள். முன்கிரில்லில் ஒன்பது கண்கள் இருந்தால் போர்க்கால ஜீப். ஏழு இருந்தால் போருக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த ரகம். ஃபோர்டு செய்த ஜீப் என்றால் போல்ட் தலைகளில்கூட ‘எஃப்’ என்ற எழுத்து அடித்திருக்கும். கிரில்லை மாற்றுவார்கள், ஸ்டியரிங்கைக்கூட வலப்பக்கம் கொண்டுவந்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு போல்டையும் யாரும் மாற்றுவதில்லை. அதனால் துரு ஏறிய அந்தச் சின்ன எழுத்துக்குப் பளபளக்கும் பெயர்ப்பலகையைவிட மதிப்பு அதிகம்.

1953ல் சுங்க வரி ஆணையம், உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டிவிற்பது மட்டும் போதாது, உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மிஞ்சியவை இந்தியக் கம்பெனிகள். அவற்றில் இந்த வட்டாரத்துப் பிக்கப் கதைக்கு மூலமானது மகிந்திரா. 1945ல் மகிந்திரா அண்டு முகமது என்று தொடங்கி, 1948ல் மகிந்திரா அண்டு மகிந்திரா ஆன அந்த நிறுவனம் 1947லேயே வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியிருந்தது. சரக்குக்கென்று அது தந்த வண்டிகளில் தோற்றத்தால் தனித்து நிற்பது எஃப்.சி. 150. எஞ்சினுக்கு மேலேயே டிரைவர் உட்காரும் அமைப்பு. மூக்கு இல்லாத தட்டை முகம். நீளத்தில் பெரும்பகுதி சரக்குத் தொட்டிக்கே. அமெரிக்காவில் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1956 இறுதியில் வெளிவந்த மாதிரி இது. அங்கே எஃப்.சி. வரிசை முழுவதும் சேர்த்தே 30,000 சொச்சம்தான் விற்றது, 1965க்குள் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் நிறுத்திய காலத்தில்தான் மகிந்திரா இங்கே எடுத்துக்கொண்டது. எஃப்.சி. 160, டீசல் 260 என்று அதன் வாரிசுகள் பல ஆண்டுகள் வந்தன. ஆகவே இந்திய எஃப்.சி. வண்டியை அமெரிக்க வண்டியின் நகல் என்று தள்ளுவது சரியல்ல. அமெரிக்காவில் முடிந்துபோன வடிவம் தொடர்ந்து வளர்ந்தது இந்தியாவில்தான்.

தமிழ்நாட்டிலேயே பிறந்த சிறு சரக்கு வண்டி ஸ்டாண்டர்டு 20. இங்கிலாந்தில் 1958ல் வந்த ஸ்டாண்டர்டு அட்லஸ் வேனைச் செய்யும் அச்சுகளைப் பின்னர் சென்னைக்குக் கொண்டுவந்து, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் வேனாகவும் பிக்கப்பாகவும் செய்தது. 1958ல் தொடங்கிய பஜாஜ் டெம்போ, ஜெர்மனியின் டெம்போ நிறுவனத்து உரிமத்தில் ஹன்சியாட் என்ற மூன்று சக்கர வண்டியைத் தந்தது. அதன் எஞ்சின் முன்சக்கரத்தையே சங்கிலி போட்டு இழுத்தது. அதே கம்பெனியின் மெட்டடார் 1969ல் வந்தது. அதுவும் முன்சக்கர இழுவை என்பதால் பின்னச்சுக்குப் போகும் நீளத் தண்டு கிடையாது, தளம் தாழ்ந்திருக்கும். மூட்டை ஏற்றுகிறவரின் தோளுக்கும் முதுகுக்கும் அது பெரிய நிம்மதி. 1980களில் மெர்சிடிஸ் உரிமத்து ஓ.எம். 616 டீசல் எஞ்சின் சேர்ந்ததும் மெட்டடார் ஊருக்கு ஊர் நின்றது. பிறகு ஜப்பான் கூட்டில் டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், சுவராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி ஆகிய நான்கும், அவற்றுக்கு எதிராக 1986ல் டாடா 407ம், 1988ல் டாடாமொபைல் 206ம் வந்தன. அத்தோடு பழைய தலைமுறையின் காலம் முடிந்தது.

அசல் என்ற கேள்விக்கு இந்தப் பட்டியல் மட்டும் போதாது. காரணம், அன்றைக்குச் சரக்கு வண்டிகளில் பல ஆலையிலிருந்து முழு வண்டியாக வெளியே வரவில்லை. சேசிஸ், எஞ்சின், முன்முகம், அவ்வளவுதான் வரும். கதவும் கூரையும் இல்லாத அந்த வண்டியைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு டிரைவர் ஓட்டிவந்து பாடி கட்டும் பட்டறையில் விடுவார். நாமக்கல்லும் திருச்செங்கோடும் பாடி கட்டுவதற்கு நாடறிந்த ஊர்கள் ஆனது இந்த ஏற்பாட்டால்தான். தச்சாசாரி மரச்சட்டம் கட்டுவார்; கொல்லர் கொண்டி, கீல், பட்டை அடிப்பார்; தகர வேலைக்காரர் தகட்டை மடக்கி ஆணி அடிப்பார்; கடைசியில் பெயின்டர் வருவார். மாட்டுவண்டிக்கு அச்சும் ஏர்க்காலும் செய்த கைகளுக்கு இந்த வேலை அந்நியமானது அல்ல.

அப்படிக் கட்டிய வண்டிக்கு ‘கம்பெனி பாடி’ என்று ஒன்று இருந்ததே இல்லை. முதல் சொந்தக்காரர் சொல்லிக் கட்டிய முதல் பாடிதான் அதன் அசல் பாடி. வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து அந்த மரத்தொட்டியைப் பிடுங்கிவிட்டு, தொழிற்சாலைத் தோற்றத்தில் இரும்புத்தொட்டி ஒன்றைப் புதிதாகச் செய்து மாட்டுகிறவர் வண்டியை அசலாக்கவில்லை, அசலை அழிக்கிறார். ஆலையிலேயே தொட்டியோடு வந்த வண்டிகளும் உண்டு. அவற்றுக்கு அளவுகோல் வேறு. எந்த வண்டி எந்த வகை என்று பிரித்துச் சொல்வதே மதிப்பீட்டின் முதல் வேலை.

அதற்குக் கையில் முதலில் எடுக்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். தயாரித்த ஆண்டு, சேசிஸ் எண், எஞ்சின் எண், சிலிண்டர், எரிபொருள், வீல்பேஸ், காலி எடை, பாடி வகை, கைமாறிய சொந்தக்காரர்கள் என்று வண்டியின் வரலாறு அதில் இருக்கிறது. பதிவெண்ணே ஒரு சாட்சி. மெட்ராஸ் மாநிலமாக இருந்தபோது பதிவெண்கள் ‘எம்’ எழுத்தில் தொடங்கின. 1969ல் தமிழ்நாடு என்று பெயர் மாறியபின் ‘டி’ வரிசைகள் வந்தன. 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989ல் நடைமுறைக்கு வந்தபோது ‘டிஎன்’ என்ற எழுத்தோடு அலுவலக எண் சேர்ந்தது: சேலத்துக்கு 27, நாமக்கல்லுக்கு 28, திருச்செங்கோட்டுக்கு 34, ஆத்தூருக்கு இன்று 77. 1960களின் முகத்தோடு நிற்கும் ஒரு ஜீப் பிக்கப் டிஎன் 77 என்ற எண்ணோடு இருந்தால் உடனே போலி என்று முடிவுகட்டக் கூடாது. ராணுவமோ அரசுத் துறையோ கழித்ததை ஏலத்தில் எடுத்து, அன்றைக்குத்தான் பொதுப்பதிவு செய்திருக்கலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்திருக்கலாம். எண் சொல்வது பதிவான காலத்தை. வண்டி பிறந்த காலத்தை சேசிஸ் சொல்ல வேண்டும்.

சேசிஸைப் பார்ப்பதென்றால் வண்டிக்கு அடியில் படுத்தே ஆக வேண்டும். நீளச்சட்டமும் குறுக்குச்சட்டமும் சேரும் இடத்தில் ஆலை அடித்த ரிவெட்டுகள் உருண்டையான தலையோடு, ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும். அங்கே ரிவெட்டுக்குப் பதில் போல்டோ, வெல்டிங் கோடோ தெரிந்தால் சட்டம் அறுபட்டிருக்கிறது, அல்லது நீட்டப்பட்டிருக்கிறது. சந்தேகமிருந்தால் டேப் பிடித்து முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள தூரத்தை அளக்கலாம். சி.ஜே. 3பி என்ற ஜீப் ரகத்துக்கு அது 80 அங்குலம், எஃப்.சி. 150க்கு 81. அந்த மாதிரிக்குரிய அளவோடு ஒத்துப்போகாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். சேசிஸ் எண் அடித்த இடத்தைச் சுற்றி அரம் போட்ட பளபளப்பு இருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய எண்ணை ராவிவிட்டு வேறு எண் அடித்திருந்தால் அந்த இடத்தில் தகடு மெலிந்து சற்றே பள்ளமாக இருக்கும். இந்த ஒரு குறை மற்ற எல்லா நிறைகளையும் செல்லாததாக்கிவிடும்.

எடை இன்னொரு சோதனை. சேகோ ஆலைகளில் எடைமேடை இருக்கிறது. காலி வண்டியை அதில் ஏற்றி, வரும் எடையை ஆர்.சி.யில் உள்ள காலி எடையோடு ஒப்பிட்டால், மரத்தொட்டி போய் இரும்புத்தொட்டி வந்த கதை பெரும்பாலும் தெரிந்துவிடும். அதே எடை பழைய வண்டிகளின் பக்கவாட்டில் ‘யூ.டபிள்யூ.’ என்று பெயின்டர் கையால் எழுதியிருக்கும். மேலே எத்தனை பூச்சு ஏறியிருந்தாலும், சாய்வாக வெளிச்சம் அடித்துப் பார்த்தால் பழைய எழுத்தின் மேடு தெரியும். நெற்றியில் இருந்த ‘பப்ளிக் கேரியர்’, ‘பிரைவேட் கேரியர்’ என்ற எழுத்துகளும் அப்படியே. வாடகைக்கு ஓடும் வண்டி, சொந்தச் சரக்குக்கு ஓடும் வண்டி என்ற பிரிவு 1939ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 1988 சட்டம் அதை எடுத்துவிட்டது. ‘பிரைவேட் கேரியர்’ என்ற எழுத்து அடிப்பூச்சில் தெரிந்தால், அது ஏதோ ஒரு தோட்டத்துக்கோ ஆலைக்கோ சொந்தமாக ஓடியது என்று கொள்ளலாம். அதனால்தான் பழைய வண்டியை வாங்கியதும் தகடு தெரிய உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பெரிய இழப்பு. அந்தப் பூச்சுகளில்தான் சொந்தக்காரர் பெயரும், ஊரும், தெய்வமும், பட்டறையின் பெயரும் அடுக்கடுக்காக இருக்கின்றன.

மரத்தைப் பார்ப்பதும் ஒரு கலை. பலகைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் ஒரே நேரத்தில் போட்டவை. நடுவில் இரண்டு மட்டும் வெளுத்திருந்தால் பழுது பார்த்தவை. அது குறையல்ல, உழைப்பின் தடம். தளப்பலகையில் மூட்டை இழுத்த வழவழப்பும், பின்கதவுக் கொண்டியின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பதும் போலியாகச் செய்துவிட முடியாதவை.

எஞ்சினில்தான் கருத்து வேறுபாடு அதிகம். எஃப்.சி. 150 பிறந்தது 2.2 லிட்டர் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினோடு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏற, சரக்கு வண்டியைப் பெட்ரோலில் ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை. எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றும் வேலை பட்டறைகளில் மும்முரமானது. மகிந்திராவே டீசலுக்கு மாறி, பின்னர் பூஜோ உரிமத்தில் எக்ஸ்.டி.பி. எஞ்சினைச் செய்தது. ஆகவே இந்தச் சமவெளியில் பெட்ரோல் எஞ்சினோடு தப்பிய சரக்கு ஜீப் மிக அரிது; கிடைத்தால் அதன் மதிப்பே வேறு. அதற்காக டீசல் ஏறிய எல்லா வண்டியையும் ‘அசல் போனது’ என்று தள்ள முடியுமா? 1970களில் மாற்றி, ஆர்.சி.யில் பதிவும் செய்து, அதற்குப்பின் பல பத்தாண்டுகள் கிழங்கு சுமந்த வண்டியில் அந்த டீசல் எஞ்சினும் வரலாறே. போன வருடம் காயலான் கடையில் வாங்கி மாட்டிய எஞ்சின் வரலாறாகாது. எப்போது மாற்றினார்கள், அதற்குப் பதிவு இருக்கிறதா, மாற்றிய விதம் அக்காலத்துப் பட்டறை வழக்கமா என்ற மூன்றும் தெரிந்தபிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அருமைக்கு வருவோம். எத்தனை செய்தார்கள் என்பதை வைத்தே அருமையைச் சொல்வது வழக்கம். சரக்கு வண்டிக்கு அது பொருந்தாது. மெட்டடார் தெருவுக்குத் தெரு நின்ற வண்டி. இன்று நல்ல நிலையில் ஒரு மெட்டடார் பிக்கப்பைத் தேடுகிறவர் அலுத்துப்போவார். காரை வைத்திருந்தவர்கள் கொட்டகையில் போர்த்தி வைத்தார்கள். பிக்கப்பை யாரும் போர்த்தி வைக்கவில்லை. சேசிஸ் வளையும் மட்டும் ஓட்டி, தகுதிச் சான்று கிடைக்காதபோது காயலான் கடைக்குக் கிலோ விலையில் போட்டார்கள். ஜீப் ரகங்கள் கொஞ்சம் அதிகமாகத் தப்பியதற்குக் காரணம் உதிரி பாகம் இன்றும் கிடைப்பதும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு போன்ற மலைப்பாதைகளில் அவற்றுக்கு வேலை இருந்ததும். ஸ்டாண்டர்டு 20க்கு அந்த இரண்டு துணையும் இல்லை; கம்பெனியே 1980களின் கடைசியில் மூடிப்போனது. ஆகவே இந்த வட்டாரத்தில் முழுதாக நிற்கும் ஸ்டாண்டர்டு 20 பிக்கப் ஒன்று, பளபளக்கும் போர்க்கால ஜீப்பைவிட அரிய பொருள். சந்தை விலை இப்போதைக்கு இதற்கு நேர்மாறாக இருக்கலாம். விலை ஆசையைக் காட்டும், அருமையைக் காட்டாது.

தப்பிய ஜீப் பிக்கப்புகளுக்கும் புதிதாக ஓர் ஆபத்து வந்திருக்கிறது. அகன்ற டயர், தூக்கிய ஸ்பிரிங், திறந்த பாடி என்று சவாரி வண்டியாக மாற்றுவதற்காக அவற்றை வாங்கித் தொட்டியை அறுத்துவிடுகிறார்கள். உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பழமையைக் காப்பதற்கென்று மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்தோடு தனிப் பதிவெண் தருகிறது. சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடியாகும் காலம் 10 ஆண்டு. ஆனால் இந்த விதி சொந்த உபயோகத்துக்கான இருசக்கர, நான்குசக்கர வாகனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வாடகைக்கு ஓடி, பாடி கட்டி, டீசலுக்கு மாறிய சரக்கு வண்டிக்கு அதில் இடமில்லை.

சரக்கு வண்டிகளுக்கும் பொருந்தும்படி அந்த விதியைத் திருத்த வேண்டும். முதல் பாடி, காலத்தோடு ஒட்டிய எஞ்சின் மாற்றம் ஆகியவற்றை அசலின் பகுதியாக ஏற்க வேண்டும். அதுவரை, வீட்டுக் கொல்லையில் இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது மூன்று. பெயின்ட்டைச் சுரண்டும் முன் நான்கு பக்கமும் அடியிலும் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பலகையையும் கொண்டியையும் எறியாதீர்கள். விற்க நேர்ந்தால் ஆர்.சி. புத்தகத்தோடு, பாடி கட்டிய பட்டறையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்குகிறவர் கையில் கொடுங்கள்.